நடுவானில் இருமிய ஸ்பிட்ஃபயர் இன்ஜின்... ஒரு சின்ன ஓட்டையால் சரிசெய்த பெண்! யார் இந்த பீட்ரிஸ் ஷில்லிங்?

1940-ம் ஆண்டு. இரண்டாம் உலகப் போர். இங்கிலாந்து வானத்தில் ஒரு ஸ்பிட்ஃபயர் விமானம், ஜெர்மனியின் மெஸ்ஸர்ஷ்மிட் 109 விமானத்தை விரட்டிக்கொண்டு போகிறது. குறி கிட்டத்தட்ட சிக்கிவிட்டது. அந்த நேரம் பார்த்து ஜெர்மன் விமானி மூக்கைக் கீழே அமுக்கி, தலைகுப்புறப் பாய்கிறார். பின்னாடியே பிரிட்டிஷ் விமானியும் அமுக்குகிறார்.

அவ்வளவுதான். இன்ஜின் இருமுகிறது. கறுப்புப் புகை வருகிறது. சில நொடிகளுக்கு சக்தியே இல்லை. அந்தச் சில நொடிக்குள் ஜெர்மன்காரர் தப்பிவிடுகிறார். நிலைமை தலைகீழாக இருந்து, துரத்தப்படுவது ஸ்பிட்ஃபயராக இருந்தால்? அதே சில நொடியில் உயிரே போய்விடும்.

இந்தப் பிரச்னைக்கு அவசரத் தீர்வு கண்டுபிடித்தவர் ஒரு பெண் இன்ஜினியர். பெயர் பீட்ரிஸ் ஷில்லிங். அவர் கொடுத்த தீர்வு புது இன்ஜினும் இல்லை, புது கார்புரேட்டரும் இல்லை. நடுவில் ஓட்டை போட்ட ஒரு சின்னப் பித்தளைத் துண்டு!

கறிக்கடைக்காரர் மகள்

இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயர் பகுதியில் உள்ள வாட்டர்லூவில் என்ற ஊரில் 1909-ம் ஆண்டு மார்ச் 8-ம் தேதி பிறந்தார் பீட்ரிஸ். ஆமாம், இன்று நாம் மகளிர் தினம் கொண்டாடும் அதே தேதி. அப்பா கறிக்கடை வைத்திருந்தார்.

சின்ன வயதிலேயே கருவிகள் மீதுதான் ஆசை. கைக்காசை பொம்மைக்குச் செலவு பண்ணாமல் ஸ்பேனரும் ஸ்குரூவும் வாங்கிய பிள்ளை. 14 வயதில் ஒரு மோட்டார் சைக்கிளையே வாங்கிவிட்டார். ஓட்டியது ஒரு பக்கம் இருக்கட்டும். அதைப் பிரித்துப் பிரித்து மாட்டியதுதான் அவருக்குப் பெரிய பாடம்.

பள்ளி முடிந்ததும் மார்கரெட் பார்ட்ரிட்ஜ் என்ற பெண் நடத்திய மின் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். இந்தப் பார்ட்ரிட்ஜ் அம்மாவைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம். கரன்ட் போகாத கிராமங்களுக்கு கரன்ட் கொண்டு போனவர். வேலைக்குப் பெண்களைத் தேடிப் பிடித்துச் சேர்த்தவர். அங்கே வீடுகளுக்கு வயரிங் செய்தும், ஜெனரேட்டர் பொருத்தியும் கை பழகிய பீட்ரிஸை, நீ காலேஜுக்குப் போ என்று தள்ளிவிட்டதும் அவர்தான்.

மான்செஸ்டரில் உள்ள விக்டோரியா பல்கலைக்கழகத்தில் மின் பொறியியல் படித்து 1932-ல் பட்டம் வாங்கினார் பீட்ரிஸ். அடுத்து இயந்திரப் பொறியியலில் எம்.எஸ்சி. அந்தக் காலத்தில் இன்ஜினியரிங் வகுப்பில் பெண்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

படிப்பு முடிந்த நேரம், உலகம் முழுக்கப் பொருளாதார மந்தம். ஆண்களுக்கே வேலை இல்லை. பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் இன்ஜின் ஆராய்ச்சி உதவியாளராகக் கொஞ்ச காலம் ஓட்டிவிட்டு, 1936-ல் ஃபார்ன்பரோவில் இருந்த அரசு விமான ஆய்வு மையத்துக்குள் நுழைந்தார். ராயல் ஏர்கிராஃப்ட் எஸ்டாப்ளிஷ்மென்ட் என்பது அதன் பெயர். சுருக்கமாக ஆர்.ஏ.இ. அடுத்த 33 வருஷம் அவருடைய உலகம் அதுதான்.

மணிக்கு 106 மைல்

ஆபீஸில் இன்ஜினியர் என்றால், வார இறுதியில் அவர் ரேஸர். சர்ரே பகுதியில் புரூக்லேண்ட்ஸ் என்று ஒரு ரேஸ் டிராக் இருந்தது. முழுக்க கான்கிரீட், வளைவுகளில் சுவர் மாதிரி சாய்ந்து நிற்கும். மேடும் பள்ளமுமான அந்த டிராக்கில் 1934-ல் தன் நார்ட்டன் பைக்கில் மணிக்கு 106 மைல் வேகத்தில் ஒரு சுற்று அடித்தார் பீட்ரிஸ். நம்ம கணக்கில் சுமார் 170 கிலோமீட்டர்.

அங்கே ரேஸில் மணிக்கு 100 மைலைத் தாண்டி ஒரு சுற்று முடித்தால், கோல்டு ஸ்டார் என்ற பேட்ஜ் தருவார்கள். மோட்டார் சைக்கிளில் அதை வாங்கிய பெண்கள் மொத்தமே 3 பேர். அதில் ஒருவர் பீட்ரிஸ்.

1938-ல், அதே ஆர்.ஏ.இ.யில் வேலை பார்த்த ஜார்ஜ் நெய்லரைக் கல்யாணம் செய்துகொண்டார். நீயும் கோல்டு ஸ்டார் வாங்கிட்டு வா, அப்புறம்தான் கல்யாணம் என்று கண்டிஷன் போட்டதாக ஒரு கதை உண்டு. கதை எவ்வளவு தூரம் நிஜமோ, நெய்லர் அந்த பேட்ஜை வாங்கியது நிஜம். பின்னாளில் அவர் ராயல் ஏர் ஃபோர்ஸில் குண்டுவீச்சு விமானம் ஓட்டினார்.

இந்த ரேஸ் சங்கதியை இங்கே சொல்லக் காரணம் இருக்கிறது. ரேஸ் பைக்கைத் தானே டியூன் செய்கிற ஒருவருக்கு, கார்புரேட்டர் என்பது வரைபடத்தில் பார்க்கிற பொருள் இல்லை. ஒரு ஜெட்டின் ஓட்டை கொஞ்சம் கூடினால் என்ன ஆகும், குறைந்தால் என்ன ஆகும் என்று கையாலும் காதாலும் தெரிந்து வைத்திருந்தவர் அவர். போர் தொடங்கியபோது ஆர்.ஏ.இ.யில் அவர் பார்த்துக்கொண்டிருந்ததும் கார்புரேட்டர் ஆராய்ச்சிதான்.

இன்ஜின் ஏன் இருமியது?

ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன் இரண்டிலும் இருந்தது ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின் இன்ஜின். அதற்கு பெட்ரோல் கொடுத்தது எஸ்.யு. நிறுவனத்தின் கார்புரேட்டர். ஜெர்மனியின் 109-லோ கார்புரேட்டரே கிடையாது. பெட்ரோலை நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சும் இன்ஜெக்‌ஷன் முறை.

அப்போ பிரிட்டனும் இன்ஜெக்‌ஷனுக்குப் போயிருக்கலாமே? ரோல்ஸ் ராய்ஸுக்கு இதில் ஒரு கணக்கு இருந்தது. கார்புரேட்டரில் பெட்ரோல் ஆவியாகும்போது உள்ளே போகும் காற்று குளிர்ந்துவிடும். குளிர்ந்த காற்று அடர்த்தியானது, அதனால் இன்ஜினுக்குக் கூடுதல் சக்தி கிடைக்கும். கணக்கு தப்பே இல்லை. விமானம் மூக்கைக் கீழே அமுக்காதவரை!

கார்புரேட்டருக்குள் ஒரு சின்னத் தொட்டி இருக்கும். அதில் ஒரு மிதவை. நம் வீட்டு மாடித் தண்ணீர் டேங்கில் பந்து வால்வு எப்படி வேலை செய்யுமோ, அப்படியே இதுவும். பெட்ரோல் நிரம்பினால் மிதவை மேலே வந்து வழியை அடைக்கும். குறைந்தால் கீழே இறங்கி வழியைத் திறக்கும். இன்ஜினுக்குப் போகும் பெட்ரோல், தொட்டியின் அடியில் இருந்து எடுக்கப்படும்.

பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்திருக்கும்போது ஸ்பீடு பிரேக்கர் தூக்கிப் போடுமே, அந்த ஒரு நொடி உடம்பு சீட்டை விட்டு எழும்புமே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். விமானம் சட்டென்று கீழே அமுக்கப்படும்போது உள்ளே இருக்கும் எல்லாவற்றுக்கும் அதுதான் நடக்கும், இன்னும் பலமாக. இதைத்தான் நெகட்டிவ் ஜி என்கிறார்கள். தொட்டியில் இருக்கும் பெட்ரோலும் மேலே எகிறி, கூரையில் ஒட்டிக்கொள்ளும். அடியில் வாய் வைத்துக் காத்திருக்கும் ஜெட்டுக்கு பெட்ரோல் கிடைக்காது. முதல் இருமல் இதனால்.

ஆனா, விஷயம் அதோட முடியல. இதற்கு அடுத்து வருவதுதான் பெரிய ஆபத்து.

பெட்ரோல் மேலே போய்விட்டால் மிதவை எங்கே போகும்? அதற்கு நேர் எதிர்த்திசையில், கீழே. மிதவை கீழே போனால் தொட்டி காலி என்று அர்த்தம். உடனே வால்வு முழுசாகத் திறந்துகொள்ளும். இன்ஜினின் பம்ப் தன் முழு பலத்தோடு பெட்ரோலைக் கொட்டும். மேலே ஒட்டியிருந்ததும் புதிதாக வந்ததும் சேர்ந்து கார்புரேட்டரை மூழ்கடித்துவிடும். பெட்ரோல் ஏகப்பட்டது, காற்று போதவில்லை. எரிய வழியே இல்லை. கறுப்புப் புகை இதன் அடையாளம்தான். டூவீலர் மெக்கானிக்குகள் ஓவர்ஃப்ளோ என்று சொல்வார்களே, அதே கதை நடுவானில்.

பிரிட்டிஷ் விமானிகள் இதற்கு ஒரு குறுக்குவழி வைத்திருந்தார்கள். நேராக அமுக்காமல், விமானத்தை முதலில் மல்லாக்கப் புரட்டி, அப்புறம் கீழே இழுப்பது. அப்படிச் செய்தால் பெட்ரோல் தொட்டியின் அடியிலேயே இருக்கும். ஆனால் புரட்ட நேரம் வேண்டுமே! அதற்குள் முன்னால் போனவர் போயே போய்விடுவார்.

விரல் நுனி அளவு பித்தளை

தீர்வுக்கு இரண்டு வழி இருந்தது. ஒன்று, எந்தப் பக்கம் கவிழ்ந்தாலும் வேலை செய்யும் புது கார்புரேட்டரை உருவாக்குவது. சரியான வழிதான். ஆனால் வருஷக்கணக்கில் ஆகும். போர் வாசலில் நிற்கிறது.

பீட்ரிஸ் வேறு மாதிரி யோசித்தார். முதல் இருமல் ஒரு நொடி சமாச்சாரம், விமானி சமாளித்துக்கொள்வார். ஆளைக் கொல்வது இரண்டாவதாக வரும் வெள்ளம். அதை மட்டும் தடுத்தால் போதாதா?

வெள்ளம் ஏன் வருகிறது? இன்ஜினுக்குத் தேவையானதைவிட ரொம்ப அதிகமாகத் தள்ளும் திறன் பம்புக்கு இருக்கிறது. இன்ஜின் முழு சக்தியில் ஓடும்போது எவ்வளவு பெட்ரோல் குடிக்கும் என்பது அளந்து தெரிந்த விஷயம். அந்த அளவைவிடக் கொஞ்சம் மட்டுமே கூடுதலாகப் போகும்படி, கார்புரேட்டருக்கு முன்னாடி குழாயிலேயே வழியைக் குறுக்கிவிட்டால்? வால்வு முழுசாகத் திறந்தாலும் வெள்ளம் வராது. இன்ஜினுக்குப் பட்டினியும் இல்லை.

தையல்காரர்கள் ஊசி குத்தாமல் இருக்க விரலில் மாட்டிக்கொள்ளும் தொப்பி இருக்குமே, கிட்டத்தட்ட அந்த வடிவில் ஒரு பித்தளைத் துண்டு. நடுவில் துல்லியமான அளவில் ஓட்டை. பின்னால் அதையும் எளிமையாக்கி, வெறும் தட்டை வாஷராகவே செய்தார்கள். அளவு பொதுவானது இல்லை. இன்ஜினின் பூஸ்ட் அளவு எவ்வளவோ, அதற்கேற்ற ஓட்டை. ஓட்டை சின்னதாகிவிட்டால் டேக்-ஆஃப் நேரத்தில் இன்ஜினுக்கு பெட்ரோல் பத்தாது. பெரிதாகிவிட்டால் போட்டும் பிரயோஜனம் இல்லை.

இதைவிட முக்கியம், இதை மாட்டுவதற்காக விமானத்தைத் தொழிற்சாலைக்கு அனுப்ப வேண்டியதில்லை. தளத்தில் நிற்கிற விமானத்திலேயே குழாயைக் கழற்றி, துண்டைச் செருகி, திரும்ப மாட்டிவிடலாம்.

ஒரு சின்னக் குழுவைக் கூட்டிக்கொண்டு தளம் தளமாகப் போனார் பீட்ரிஸ். தன் பழைய நார்ட்டன் பைக்கிலேயே வந்து இறங்குவாராம். 1941 மார்ச்சுக்குள் போர் விமானப் படை முழுக்க இந்தத் துண்டு பொருத்தப்பட்டுவிட்டது.

பழைய கார் வைத்திருப்பவர்களுக்குப் புரியும்

கார்புரேட்டர் வண்டி வைத்திருப்பவர்கள் இதைப் படிக்கும்போது தலையாட்டுவார்கள். ஏனென்றால் இதே ஓவர்ஃப்ளோ தலைவலி தரையிலும் உண்டு. அங்கேயும் அதைத் தடுப்பது ஒரு சின்ன உறுப்புதான்.

குளிரில் இன்ஜின் ஸ்டார்ட் ஆக பெட்ரோல் அதிகம் வேண்டும். அதுக்குத்தான் சோக். காற்று வரும் வாயை ஒரு தகடு மூடும், பெட்ரோல் கலவை கெட்டியாகும். ஆனால் இன்ஜின் பற்றிக்கொண்ட அடுத்த நொடியே அந்தத் தகடு கொஞ்சம் திறக்க வேண்டும். இல்லையென்றால் இன்ஜின் பெட்ரோலில் மூழ்கி நின்றுவிடும். அம்பாசடர், பத்மினி ஓட்டியவர்கள் ஸ்டார்ட் ஆனதும் சோக் குமிழைப் பாதி உள்ளே தள்ளியது இதற்குத்தான்.

தானியங்கி சோக் உள்ள பழைய அமெரிக்க கார்களில் அந்தக் கை வேலையைச் செய்வது சோக் புல்-ஆஃப். கார்புரேட்டரின் பக்கத்தில் ஒரு சின்ன வட்ட டப்பி. ஒரு முனையில் வேக்குவம் வரும் ரப்பர் குழாய், மறுமுனையில் சோக் தகட்டுக்குப் போகும் மெல்லிய கம்பி. உள்ளே ஒரு டயாபிரம். இன்ஜின் ஓடத் தொடங்கியதும் உருவாகும் வேக்குவம் டயாபிரத்தை இழுக்கும், கம்பி தகட்டைக் கொஞ்சம் திறக்கும்.

டப்பி நல்லா இருக்கா என்று பார்ப்பது சுலபம். இன்ஜினை அணைத்து, குழாயைக் கழற்றி, தண்டை உள்ளே அமுக்கி, குழாய் மாட்டும் மூக்கை விரலால் அடைத்துவிட்டுத் தண்டை விடுங்கள். உள்ளேயே நின்றால் டயாபிரம் நன்றாக இருக்கிறது. வெளியே வந்துவிட்டால் கிழிந்துவிட்டது. சில டப்பிகளில் மெதுவாகத் திறப்பதற்காகவே ஊசிமுனை அளவு ஓட்டை ஒன்று வைத்திருப்பார்கள். அதை டேப் ஒட்டி மூடிவிட்டுத்தான் சோதிக்க வேண்டும். இல்லாவிட்டால் நல்ல டப்பியைத் தூக்கிப் போட்டுவிடுவீர்கள்.

டியூனிங் என்பதும் ஒரு இடைவெளியை அளப்பதுதான். வேக்குவம் இழுத்த நிலையில் சோக் தகட்டுக்கும் சுவருக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும். அந்த அளவு டிரில் பிட்டைச் செருகிப் பார்த்து, கம்பியை லேசாக வளைத்துச் சரி செய்வார்கள். இடைவெளி குறைந்தால் கறுப்புப் புகை. கூடினால் ஸ்டார்ட் ஆகி, இருமி, நின்றுவிடும். பார்க்க ஒரே மாதிரி இருக்கிறதே என்று வேறு மாடலின் டப்பியை மாட்டினாலும் இதே தொல்லைதான். தண்டு நகரும் தூரமும் உள் ஓட்டையும் மாடலுக்கு மாடல் மாறும்.

புல்-ஆஃபுக்கும் பீட்ரிஸுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஆனால் அவர் 1941-ல் செய்தது இந்த வகை வேலைதான். இன்ஜினுக்கு எவ்வளவு போதும் என்று அளந்து, அதற்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வது.

போரையே ஜெயித்துக் கொடுத்தாரா?

சமூக வலைதளங்களில் பீட்ரிஸைப் பற்றி அடிக்கடி ஒரு தகவல் சுற்றும். பிரிட்டன் யுத்தத்தையே அவருடைய வாஷர்தான் ஜெயித்துக் கொடுத்தது என்று. தேதியைப் பார்த்தாலே தெரிந்துவிடும். பிரிட்டன் யுத்தம் எனப்படும் வான்போர் நடந்தது 1940 ஜூலை முதல் அக்டோபர் வரை. வாஷர் எல்லா விமானங்களுக்கும் போய்ச் சேர்ந்தது 1941-ல். அந்தப் போரை பிரிட்டிஷ் விமானிகள் இருமுகிற இன்ஜினோடுதான் நடத்தினார்கள்.

இன்னொன்று. இது முழுத் தீர்வும் இல்லை. முதல் இருமல் அப்படியே இருந்தது. மல்லாக்கத் தொடர்ந்து பறக்கவும் முடியாது. 1943-ல் அழுத்தத்தில் இயங்கும் புதுவகை கார்புரேட்டர்கள் வந்த பிறகுதான் பிரச்னை அடியோடு ஒழிந்தது.

இதனால் அவர் செய்தது சின்ன வேலை ஆகிவிடாது. 1941-க்கும் 1943-க்கும் நடுவே தினமும் வானத்தில் ஏறிய விமானிகளுக்கு, மூக்கை அமுக்கினால் இன்ஜின் திரும்ப வரும் என்ற நம்பிக்கையைக் கொடுத்தது அந்த ஓட்டைதான்.

கல்யாணம் ஆன பிறகும் மிஸ் ஷில்லிங்

அதிகாரபூர்வமாக அந்தத் துண்டின் பெயர் ஆர்.ஏ.இ. ரெஸ்ட்ரிக்டர். விமானப் படையில் யாரும் அப்படிக் கூப்பிடவில்லை. மிஸ் ஷில்லிங்ஸ் ஆரிஃபிஸ் என்று ஒரு பட்டப்பெயர் வைத்தார்கள். ஆரிஃபிஸ் என்றால் துவாரம். ஆண்கள் நிறைந்த இடத்தில் ஒரு பெண்ணின் பெயரோடு அந்த வார்த்தையைச் சேர்த்து வைத்ததில் இருக்கும் இரட்டை அர்த்தத்தை விளக்க வேண்டியதில்லை. கல்யாணமாகி 3 வருஷம் ஆகப்போகும் திருமதி நெய்லரை மிஸ் என்று எழுதியது வேறு. பாசத்தோடு வைத்த பெயர் என்று பலரும் எழுதுகிறார்கள். இருக்கலாம். ஆனால் ஒரு ஆண் இன்ஜினியர் கண்டுபிடித்திருந்தால் இந்தப் பெயர் வந்திருக்காது என்பதும் உண்மை. வரலாற்றில் அவர் பெயரைத் தக்கவைத்தது இந்தக் கேலிதான் என்பது இன்னும் விசித்திரம்.

போர் முடிந்ததும் பிரிட்டிஷ் அரசு ஓ.பி.இ. விருது கொடுத்தது. ஆர்.ஏ.இ.யில் வேலை தொடர்ந்தது. புளூ ஸ்ட்ரீக் ஏவுகணைத் திட்டம், மழையில் நனைந்த ஓடுபாதையில் விமானச் சக்கரம் எப்படி வழுக்குகிறது என்ற ஆய்வு என்று கைவைத்த துறைகள் பல. உச்சப் பதவி மட்டும் கடைசிவரை வரவில்லை. 1969-ல் ஓய்வு பெற்றார். அதே வருஷம் சர்ரே பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது.

வேகத்தின் மீதான ஆசை மட்டும் குறையவே இல்லை. போருக்குப் பிறகு பைக்கை விட்டு காருக்கு மாறினார். கணவனும் மனைவியும் சேர்ந்து ரேஸ் காரைப் பிரித்துச் சீர்செய்து, வாரக் கடைசியில் ஓட்டினார்கள். 1967-ல் அமெரிக்க ஃபார்முலா ஒன் வீரர் டான் கர்னியின் ஈகிள் கார் அதிகமாகச் சூடாகி மக்கர் பண்ணியபோது, ஆலோசனை கேட்டு வந்தது 58 வயது பீட்ரிஸிடம்தான்.

1990 நவம்பர் 18-ம் தேதி காலமானார். ஃபார்ன்பரோவில் இன்று அவர் பெயரில் இருப்பது ஒரு பப். முன்னால் கூப்பிடாமல் முதுகுக்குப் பின்னால் சக ஊழியர்கள் வைத்திருந்த செல்லப்பெயரைச் சேர்த்து அதற்கு டில்லி ஷில்லிங் என்று பெயர். லண்டன் அருகே ராயல் ஹாலோவே கல்லூரியில் மின்னணுப் பொறியியல் படிக்கும் மாணவர்கள் வகுப்புக்குப் போகும் கட்டடம் 2018-ல் திறக்கப்பட்டது. அதன் பெயரில் டில்லியும் இல்லை, மிஸ்ஸும் இல்லை. பீட்ரிஸ் ஷில்லிங் கட்டடம்.